பாத்ரூம் சேதம் என்று அட்வான்ஸில் பிடித்தம்: வாடகைதாரரின் ஹக் எது, பொறுப்பு எது?

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு காஞ்சிபுரத்தைச் சேர்ந்த ஒரு தம்பி நம்மைச் சந்தித்தார். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை பார்ப்பவர். ஆறு வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டார். மாத வாடகை 8,000 ரூபாய். கொடுத்திருந்த அட்வான்ஸ் 40,000 ரூபாய். வீட்டுக்கார அம்மா ஒரு துண்டுத் தாளில் "பாத்ரூம் ரிப்பேர் 23,500" என்று எழுதிக் கொடுத்து, மீதி 16,500 ரூபாயை அடுத்த மாதம் தருவதாகச் சொல்லிவிட்டார்.

அந்தத் தம்பி நம்மிடம் கேட்க வந்தது அட்வான்ஸைப் பற்றி அல்ல. "ஹஜ்ரத், புது வீட்டுக்கு முன்பணம் கட்டணும். வீட்டில் இருக்கிற நகையை அடகு வைக்கலாமா?" என்பதுதான் அவருடைய கேள்வி. தன் சொந்தப் பணம் இன்னொருவர் கையில் இருக்க, வட்டிக்குப் போகும் நிலைக்கு ஒரு குடும்பம் தள்ளப்பட்டிருந்தது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. வாடகை வீட்டில் வாழும் நம் குடும்பங்கள் பலவும் காலி செய்யும் நாளில் இந்தச் சிக்கலைச் சந்திக்கின்றன. சிலர் சண்டை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் கோபத்தில் வார்த்தையை விட்டு, கிடைக்க வேண்டியதையும் இழக்கிறார்கள். மார்க்கமும் நாட்டின் சட்டமும் இதில் என்ன சொல்கின்றன, நடைமுறையில் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

வாடகை வீடு ஓர் அமானிதம்

ஃபிக்ஹ் நூல்களில் வாடகை ஒப்பந்தத்துக்கு 'இஜாரா' என்று பெயர். வாடகைக்கு எடுத்த பொருள் வாடகைதாரரின் கையில் அமானிதமாக இருக்கிறது என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் அறிஞர்களும் ஒத்த கருத்தில் உள்ளனர். 19ஆம் நூற்றாண்டில் உஸ்மானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' சட்டத் தொகுப்பிலும் இது ஒரு விதியாகவே இடம்பெற்றுள்ளது.

அமானிதம் என்பதால் இரண்டு முடிவுகள் வருகின்றன. முதலாவது, ஒப்புக்கொண்ட முறையில் சாதாரணமாகப் பயன்படுத்தும்போது பொருள் தேய்ந்தாலோ பழுதானாலோ வாடகைதாரர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. அந்தத் தேய்மானத்துக்குத்தான் மாதாமாதம் வாடகை கொடுக்கிறார். இரண்டாவது, அவர் வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோ ஈடு கொடுப்பது அவர் மீது கடமை. வீட்டுக்காரர் பார்க்கவில்லை, கேட்கவில்லை என்பதால் அந்தக் கடமை நீங்கிவிடாது.

நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். தறி போடுவதற்கென்றே வாடகைக்கு விட்ட வீட்டில், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு தரையில் குழித்தறிக்குப் பள்ளம் எடுத்தால் அது சேதம் அல்ல. அந்த வீட்டை எடுத்ததே அதற்காகத்தான். குடியிருக்க மட்டும் எடுத்த வீட்டில் கேட்காமல் தரையைத் தோண்டினால் அது வரம்பு மீறல். பாத்ரூமுக்கும் இதே அளவுகோல்தான். குளிப்பது, துவைப்பது, உளூச் செய்வது எல்லாம் இயல்பான பயன்பாடு. "நீங்க அஞ்சு வேளையும் தண்ணி ஊத்துறீங்க, அதனாலதான் தரை போச்சு" என்று சில வீட்டுக்காரர்கள் சொல்வதுண்டு. தண்ணீர் படுவதற்காகவே கட்டப்பட்ட இடத்தில் தண்ணீர் பட்டதைச் சேதம் என்று கணக்கிட முடியாது. ஆனால் அதே பாத்ரூமில் பட்டு நூலுக்குச் சாயம் காய்ச்சி, தரையும் சுவரும் கறையாகியிருந்தால் அது குடியிருப்புப் பயன்பாடு அல்ல. அதற்கு வாடகைதாரரே பொறுப்பு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பொருளைச் சேதப்படுத்தியவர் கொடுக்க வேண்டிய ஈடு, சேதமான நாளில் அதற்கு இருந்த மதிப்பை ஒட்டியது. பத்து வருடம் பழகிய பொருளுக்குப் பதிலாகப் புத்தம் புதிய பொருளின் விலையைக் கேட்பது நியாயம் ஆகாது. அதேபோல் உரிமை கோருபவரே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த தீர்ப்பு முறை. ஆகவே "நீதான் உடைத்தாய்" என்று சொல்லும் வீட்டுக்காரர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

நாட்டின் சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் வாடகைக்கென்று தனிச் சட்டம் உள்ளது. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் இச்சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. நமக்குத் தேவையான அம்சங்கள் இவை:

1. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

2. வாடகைதாரர் காலி செய்த ஒரு மாதத்துக்குள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர் உண்மையாகவே கொடுக்க வேண்டிய பாக்கியை மட்டும் அதில் கழித்துக்கொள்ளலாம்.

3. குடிவந்தபோது இருந்த நிலையில் வீட்டை வைத்திருக்க வேண்டும். ஆனால் இயல்பான தேய்மானம் இதில் சேராது.

4. எந்தப் பழுதை யார் சரிசெய்வது என்பதற்குச் சட்டத்தின் இணைப்பில் ஒரு பட்டியலே உள்ளது.

இயல்பான தேய்மானத்தை விலக்கும் கொள்கை புதியதும் அல்ல. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே அது இருக்கிறது. மார்க்கம் கிழித்த கோடும் சட்டம் கிழித்த கோடும் இந்த விஷயத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் உள்ளன.

ஒரு முக்கியக் குறிப்பு: பதிவு பெற்ற வக்ஃப் சொத்துகள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அரசு அறிவிக்கை செய்யும் சமய, அறநிறுவனச் சொத்துகளுக்கும் விலக்கு உண்டு. வக்ஃப் வீட்டில் குடியிருப்பவர்கள் முதலில் முத்தவல்லியையும், பிறகு வக்ஃப் வாரியத்தையும் அணுக வேண்டும்.

பாத்ரூமில் எது யார் பொறுப்பு?

வீட்டுக்காரர் பொறுப்பு: கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதுகள் (வாடகைதாரர் உண்டாக்கிய சேதம் நீங்கலாக), தண்ணீர்க் குழாய்களைத் தேவைப்படும்போது மாற்றுவது, மின் வயரிங், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது. சுவருக்குள் புதைந்த குழாய் கசிவது, மேல்தளத்திலிருந்து தண்ணீர் இறங்கி ஓதம் ஏறுவது, தரை உள்வாங்கி டைல்ஸ் தூக்கிக்கொள்வது போன்றவை பொதுவாக இதில் அடங்கும்.

வாடகைதாரர் பொறுப்பு: தண்ணீர்க் குழாயின் வாஷர் மாற்றுவது, குழாயையே மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது, கிளாசெட், வாஷ்பேசின், கீசர் ஆகியவற்றின் சிறு பழுதுகள், சுவிட்சும் பிளக் பாயிண்டும், தாழ்ப்பாள், பூட்டு, ஜன்னல் கண்ணாடி.

இந்தப் பட்டியலைப் பார்த்து வாடகைதாரர்களில் சிலர் ஆச்சரியப்படக்கூடும். சொட்டும் குழாய்க்கு வாஷர் போடுவதும், அடைப்பு எடுப்பதும் நம் பொறுப்புதான். அதே நேரம், பழுதுபார்ப்பது நம் பொறுப்பு என்றால் புதிதாக வாங்கிக் கொடுப்பதும் நம் பொறுப்பு என்று ஆகாது. உங்கள் ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக ஏதும் எழுதியிருக்கிறதா என்பதையும் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

பட்டியலில் இல்லாத சில விஷயங்களில்தான் தகராறு அதிகம்.

உப்புக்கறை: போர் தண்ணீரில் உப்பு கூடிய தெருக்களில் டைல்ஸிலும் குழாயிலும் வெள்ளைப் படிவம் ஏறும். இது தண்ணீரின் குணம். வழக்கம்போல் சுத்தம் செய்து வந்திருந்தால் அது தேய்மானம்.

ஆசிட்: அந்தக் கறையைப் போக்க ஆசிட்டை ஊற்றித் தேய்த்து, டைல்ஸின் பளபளப்பும் இடுக்கில் உள்ள ஒயிட் சிமெண்டும் போய்விட்டால் அது கவனக்குறைவின் பக்கம் சாயும். காலி செய்யும் வாரத்தில் நல்ல பெயர் வாங்க நினைத்து ஆசிட் ஊற்றி, இருந்ததைக் கெடுத்தவர்கள் உண்டு.

கசிவு: குழாய் கசிவது வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் ஆறு மாதம் கசிவைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்து, கீழ்வீட்டுச் சுவர் வரை நனைந்தால், சொல்லாமல் இருந்த தவறு நம்முடையது. அமானிதப் பொருளுக்கு ஆபத்து வருவதைக் கண்டால் உரியவரிடம் சொல்வதும் அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும். அன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிட்டால் பொறுப்பு நீங்கும், ஆதாரமும் ஆகும்.

மொத்தத் தொகையை வைத்துப் பேசாதீர்கள்

"23,500 அதிகம், பத்தாயிரம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பேரம் பேசத் தொடங்கினால் அது சந்தை வியாபாரம் ஆகிவிடும். எதற்காக எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றையும் நான்கு கேள்விகளால் சோதிக்க வேண்டும். சேதம் நாம் வந்த பிறகு ஏற்பட்டதா? பயன்பாட்டினாலா, கவனக்குறைவாலா? பழுதுபார்த்தால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா? அந்தப் பொருளுக்கு என்ன வயது?

அந்தத் தம்பியோடு வீட்டுக்கார அம்மாவைப் பார்க்க நாமும் போனோம். தெரிந்த பிளம்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டோம். கணக்கு இப்படிப் பிரிந்தது:

தரை முழுக்க டைல்ஸ் மாற்ற 12,000 ரூபாய். பார்த்தபோது இரண்டு டைல்ஸ்தான் விரிசல் விட்டிருந்தன. "வாஷிங் மெஷினை இழுத்து வைக்கும்போது நான்தான் உடைத்தேன்" என்று தம்பி தானாகவே ஒப்புக்கொண்டார். மற்றவை பன்னிரண்டு வருடம் பழகி நிறம் மங்கியவை. இரண்டு டைல்ஸ், கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்.

புது கிளாசெட் 4,500 ரூபாய். கிளாசெட்டில் கீறல்கூட இல்லை. ஃபிளஷ் டேங்க்கின் உள்பாகம்தான் வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்வது வாடகைதாரர் பொறுப்பு. பிளம்பர் சொன்ன செலவு 800 ரூபாய்.

சுவருக்குள் போகும் குழாய் மாற்ற 3,000 ரூபாய். இது வீட்டுக்காரர் பொறுப்பு. கசிவு பற்றித் தம்பியின் மனைவி முன்பே அனுப்பியிருந்த செய்தி அந்த அம்மாவின் போனிலேயே இருந்தது.

பெயிண்ட் 4,000 ரூபாய். ஆறு வருடத்தில் ஒரு முறையும் வெள்ளையடிக்கவில்லை. இதுவும் வீட்டுக்காரர் பொறுப்பு.

ஆக, தம்பி கொடுக்க வேண்டியது 2,300 ரூபாய். அவருக்கு வர வேண்டியது 37,700 ரூபாய்.

கணக்கு முடிந்ததும் அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை. கணவர் தறி நெய்தவர், காலமாகிவிட்டார். இந்த ஒரு வீட்டு வாடகையில்தான் அவருடைய ஜீவனம். பிறகு சொன்னார்: "நான் ஏமாத்தணும்னு எழுதல பாய். அந்தப் பணம் என் கையில இல்ல. எப்பவோ செலவாகிடுச்சு. அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்தாதான் உண்டு."

இப்படிப்பட்ட பல தகராறுகளின் அடியில் இருப்பது இதுதான். பாத்ரூமில் உள்ள சேதத்தைவிட, கையில் பணம் இல்லாததுதான் பிரச்சினை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சேதக் கணக்கு எழுதப்படுகிறது. அட்வான்ஸைச் செலவழித்துவிடும் நம் ஊர் வழக்கத்தைப் பார்த்து, அது உண்மையில் வீட்டுக்காரர் மீது உள்ள கடன் என்றே இக்கால அறிஞர்கள் பலர் கூறுகின்றனர். கடன் என்றால் அதைத் திருப்பித் தருவது கடமை. அதே வேளை, சிரமத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் நமக்கு வழிகாட்டுகிறது.

அவ்வாறே செய்தோம். 20,000 ரூபாய் அந்த வாரமே, மீதி 17,700 ரூபாய் இரண்டு தவணையில் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டனர். புது வீட்டு உரிமையாளர் மீதி முன்பணத்துக்கு ஒரு மாதம் பொறுத்துக்கொண்டார். நகை அடகுக்குப் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எழுத்தில் கேளுங்கள்

எல்லா வீட்டிலும் பேச்சு இவ்வளவு எளிதாக முடியாது. பேச்சு நீண்டால் எழுத்துக்கு வந்துவிட வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை நாம் அறிவோம். கடிதம் இவ்வளவு சுருக்கமாக இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, உங்கள் வீட்டில் (தேதி) முதல் (தேதி) வரை குடியிருந்தேன். (தேதி) அன்று காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். நான் கொடுத்த முன்பணம் ரூ. ____ உங்களிடம் உள்ளது. பாத்ரூம் சேதத்துக்காக ரூ. ____ பிடிப்பதாகச் சொன்னீர்கள். இவற்றில் ____ என்னால் ஏற்பட்டது, அதற்கு ரூ. ____ ஏற்கிறேன். மற்றவை இயல்பான தேய்மானமும் கட்டடப் பழுதும் ஆகும் என்பதால் ஏற்க இயலவில்லை. உங்களிடம் ஆதாரம் இருந்தால் புகைப்படம், ரசீது ஆகியவற்றோடு தெரிவியுங்கள். மீதித் தொகை ரூ. ____ ஐ (தேதி)க்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நாம் ஏற்கும் தொகையையும் அதில் எழுதுவது முக்கியம். அது நம் நேர்மையைக் காட்டும்; பின்னர் யார் படித்தாலும் மதிப்பைக் கூட்டும். கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், ஒப்புகை பெறும் வகையில் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் மிரட்டலோ ஏச்சோ வேண்டாம்.

பேச்சு பலிக்காவிட்டால்

முதல் படி, இரு தரப்பும் மதிக்கும் ஒரு பெரியவர். வீட்டுக்காரரும் முஸ்லிம் என்றால் மஹல்லா ஜமாஅத் நிர்வாகிகளிடம் சொல்லலாம். அவர் பிற சமயத்தவர் என்றால் தெருவில் உள்ள பொதுவான பெரியவர் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. நம் ஆட்களை மட்டும் கூட்டமாக அழைத்துப் போய் நிற்பது பேச்சுக்கு உதவாது, அழகும் அல்ல.

அடுத்த படி, நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் சட்டப் பணிகள் குழு. வழக்குத் தொடுக்கும் முன்பே அங்கு மனு கொடுத்து, எதிர்த்தரப்பை அழைத்துப் பேச வைக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் உடன்பாடு ஏற்பட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது; நீதிமன்றக் கட்டணமும் இல்லை. பெண்கள் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி பெறலாம். தொலைபேசி எண் 15100.

அதற்கும் அடுத்து, 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ள வாடகை அதிகாரியும் வாடகை நீதிமன்றமும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரியை மாவட்ட ஆட்சியர் வாடகை அதிகாரியாக நியமிக்கிறார். இங்கேதான் ஒரு சிக்கல். இச்சட்டப்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை ஆதாரமாக ஏற்பதற்குச் சட்டத்திலேயே தடை உண்டு. முத்திரைத்தாளில் பதினொரு மாதம் என்று எழுதி அலமாரியில் வைத்துக்கொள்வதுதான் நம் வழக்கம். அப்படிப்பட்டவர்கள் எங்கே மனு செய்வது என்பதை ஒரு வழக்கறிஞரிடமோ சட்டப் பணிகள் குழுவிடமோ கேட்டு முடிவு செய்ய வேண்டும். பணம் கொடுத்த வங்கிப் பதிவு, ரசீது, செய்திகள் இவையெல்லாம் அப்போது துணை நிற்கும்.

இங்கிலாந்தில் இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே 2007 ஏப்ரல் முதல், வழக்கமான வீட்டு வாடகை முன்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வீட்டுக்காரர் சேர்த்தாக வேண்டும். பிடித்தம் பற்றித் தகராறு வந்தால் அந்தத் திட்டத்தின் நடுவர் கட்டணமின்றித் தீர்த்துவைப்பார். சேதத்தை நிரூபிக்க வேண்டியது வீட்டுக்காரர். பொருளின் வயதையும் நடுவர் கணக்கில் எடுப்பார். லண்டனில் வாழும் நம் பிள்ளைகளுக்கு இது பழகிய விஷயம். நம் ஊரில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாததால், ஆதாரத்தை நாமே சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது.

ஆதாரம் சேர்க்கும் நாள், குடிவரும் நாள்

காலி செய்யும் நாளில் எடுக்கும் போட்டோ பாதி ஆதாரம்தான். குடிபுகும் நாளில் சாமான் இறக்கும் முன் பாத்ரூமுக்குள் நின்று ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள், ஃபிளஷ் செய்து பாருங்கள், டைல்ஸ் ஒவ்வொன்றையும் காட்டுங்கள், கூரையில் ஓதம் இருக்கிறதா பாருங்கள். அதை அன்றே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸை முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் கையெழுத்து வாங்குங்கள். காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டுக்காரரை அழைத்து ஒன்றாகச் சுற்றிப் பாருங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள சிறு பழுதுகளை நீங்களே பிளம்பரை வைத்துச் சரிசெய்துவிட்டால் செலவு குறையும்; பேச்சுக்கும் இடம் இருக்காது.

வீடு வாடகைக்கு விடும் நம் சகோதரர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. அட்வான்ஸ் உங்கள் வருமானம் அல்ல. அதைத் தொடாமல் தனியாக வைக்க முடிந்தால் வையுங்கள். பிடித்தம் செய்யும் முன் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது காட்டுங்கள். பன்னிரண்டு வருடப் பழைய பாத்ரூமை வாடகைதாரரின் காசில் புதுப்பித்துக்கொள்வது, பிறர் பொருளைத் தவறான வழியில் உண்பதில்தான் சேரும்.

வாடகைதாரர்களுக்கும் அதே சொல்தான். உடைத்ததை உடைத்தோம் என்று சொல்லுங்கள். அன்று அந்தத் தம்பி இரண்டு டைல்ஸ் விஷயத்தைத் தானாகவே ஒப்புக்கொண்ட பிறகுதான், மற்ற விஷயங்களில் அவர் சொன்னதையும் அந்த அம்மா நம்பினார். அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கும் கட்டளை, சாவியைக் கொடுப்பவருக்கும் அட்வான்ஸைத் திருப்பித் தருபவருக்கும் பொதுவானது. பிறருடைய ஹக் நம் கையில் தங்கிவிடாத நிலையில் அல்லாஹ் நம் அனைவரையும் வாழச் செய்வானாக. ஆமீன்.